ஆர்லிங்டன் ரோ: கம்பளிக் கிடங்கு குடியிருப்பான வரலாறு

ஆர்லிங்டன் ரோ என்பது இங்கிலாந்தின் குளோஸ்டர்சயர் மாவட்டத்தில், பைபரி என்னும் சிற்றூரில், கோல்ன் ஆற்றை ஒட்டி அமைந்துள்ள பழைமையான கல்வீடுகளின் வரிசை ஆகும். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கிறித்தவ மடத்துக்குரிய கம்பளிக் கிடங்காக இது கட்டப்பட்டது. கட்டப்பட்ட ஆண்டு 1380 எனப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கிடங்கு தடுக்கப்பட்டு நெசவாளர்களுக்கான சிறு வீடுகளாக மாற்றப்பட்டது. 1949 முதல் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அறக்கட்டளையின் உரிமையில் உள்ளது. இங்கிலாந்தில் பாதுகாக்கப்படும் கட்டடங்களுக்கு வழங்கப்படும் மிக உயர்ந்த தகுதியான முதல் நிலைப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

நாட்காட்டிகளிலும், இனிப்புப் பெட்டிகளின் மூடிகளிலும், சுற்றுலா விளம்பரங்களிலும் "ஆங்கிலக் கிராமம்" என்று காட்டப்படும் படங்களில் பெரும்பாலும் இந்த வீட்டு வரிசையே இருக்கும். முன்பு வழங்கப்பட்ட சில பிரித்தானியக் கடவுச்சீட்டுகளின் உள்ளட்டையிலும் இதன் படம் அச்சிடப்பட்டிருந்தது. இவ்வளவு புகழ் பெற்ற இந்த வரிசையை எந்தக் கட்டடக் கலைஞரும் வரைந்து கட்டவில்லை. கண்ணுக்கு இதமாகத் தெரியும் அதன் கோணல்களும் சரிவுகளும் ஒவ்வொன்றும் ஒரு தேவையால் அல்லது ஒரு சிக்கனத்தால் வந்தவை. அவற்றைப் படிக்கத் தெரிந்தால், ஒரு நாட்டின் கம்பளி வணிகம் வளர்ந்து தேய்ந்த வரலாற்றை ஒரு கட்டடத்தின் சுவரிலேயே படித்துவிடலாம்.

அமைவிடம்

குளோஸ்டர்சயர் மாவட்டத்தின் பெரும்பகுதியிலும் அண்டை மாவட்டங்களிலும் பரவியுள்ள கோட்ஸ்வோல்ட்ஸ் என்னும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில் பைபரி உள்ளது. அருகிலுள்ள நகரம் சைரன்செஸ்டர்; அங்கிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவு. கோல்ன் ஆற்றின் ஒரு கரையில் பழைய தேவாலயத்தைச் சுற்றிப் பைபரியும், எதிர்க்கரையில் ஆர்லிங்டன் என்னும் குடியிருப்பும் இருந்தன. இன்று இரண்டும் ஒரே ஊராகக் கொள்ளப்படுகின்றன. 'ரோ' என்ற ஆங்கிலச் சொல் வரிசையைக் குறிக்கும். ஆகவே 'ஆர்லிங்டன் வரிசை' என்பதே இப்பெயரின் நேர்ப்பொருள்.

சாலையிலிருந்து பார்ப்பவருக்கும் வீடுகளுக்கும் இடையே ஆறும், அதன் பின்னால் தாழ்வான ஒரு ஈரப்புல்வெளியும் கிடக்கின்றன. ஆற்றைச் சிறு கல்பாலத்தின் வழியே நடந்து கடந்தால் வீடுகளின் வாசல் வரை செல்லலாம். வாசலுக்கு முன்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. வரிசையின் கடைசியிலிருந்து மேட்டில் ஏறும் பாதைக்கு 'ஆக்வர்ட் ஹில்', அதாவது 'சங்கடமான குன்று' என்று பெயர். ஏறிப் பார்த்தவர்கள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும்.

கம்பளியே செல்வமாக இருந்த காலம்

இடைக்கால இங்கிலாந்தின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள் ஆட்டுக் கம்பளி. பிளாண்டர்ஸ் நகரங்களின் நெசவுக்கூடங்களும், புளோரன்ஸ் நகர வணிகர்களும் ஆங்கிலக் கம்பளியை விரும்பி வாங்கினர். அவற்றுள் கோட்ஸ்வோல்ட்ஸ் மேட்டுநிலத்துக் கம்பளிக்குத் தனி மதிப்பு இருந்தது. மெலிந்த மண் படிந்த சுண்ணாம்புக்கல் மேடு உழவைவிட மேய்ச்சலுக்கே ஏற்றதாக இருந்ததும் இதற்கு ஒரு காரணம். பிரான்சுடன் நீண்ட போர் நடத்திய மூன்றாம் எட்வர்டு மன்னருக்குக் கம்பளி ஏற்றுமதி வரியே பெரிய பணமூலமாக அமைந்தது. பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவையில் அவைத்தலைவர் இன்றும் கம்பளி அடைத்த ஒரு பெரிய திண்டின் மீதுதான் அமர்கிறார். நாட்டின் செல்வம் எதிலிருந்து வந்தது என்பதை நினைவூட்ட ஏற்பட்ட வழக்கம் அது.

1348–49இல் இங்கிலாந்தைத் தாக்கிய கொள்ளைநோயில் மக்கள்தொகையின் பெரும்பங்கு அழிந்தது. உழவுக்கு ஆள் கிடைக்காத நிலையில், குறைந்த கூலியாட்களைக் கொண்டு நடத்தக்கூடிய ஆட்டு வளர்ப்பின் பக்கம் நில உடைமையாளர்கள் பலர் திரும்பினர். பெரும் நிலங்களை வைத்திருந்த மடங்களும் அவர்களுள் அடங்கும். பைபரித் தேவாலயமும் அதன் உடைமைகளும் 12ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்போர்டை அடுத்த ஓஸ்னி மடத்தின் கைக்கு வந்திருந்தன. கொள்ளைநோய்க்கு ஒரு தலைமுறை கழித்து எழுந்த ஆர்லிங்டன் கிடங்கை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். கத்தரித்த கம்பளியை மழையும் ஈரமும் படாமல் சேர்த்துவைத்து, வணிகரிடம் ஒப்படைக்கும் வரை காக்க ஓர் இடம் வேண்டும். அதற்கு மனிதர் குடியிருக்கத் தேவையான எதுவும் வேண்டியதில்லை. அடுப்பு வேண்டாம், புகைபோக்கி வேண்டாம், சன்னல்கள் அதிகம் வேண்டாம். நீளமான, ஒடுங்கிய, உறுதியான ஒரு கூடம் போதும்.

எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தபோது, 1539இல் ஓஸ்னி மடமும் முடிவுக்கு வந்தது. மடத்துச் சொத்துகள் தனியார் கைகளுக்கு மாறின. அதற்குள் கம்பளி வணிகமே உருமாறிவிட்டது. கம்பளியை மூட்டையாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிய நாடு, அதைத் தானே துணியாக நெய்து விற்கத் தொடங்கியிருந்தது. மூட்டைகளுக்கான கிடங்கு பிற்காலத்தில் தறிக்காரர்களின் குடியிருப்பானது இந்தப் பெரிய மாற்றத்தின் சிறிய வடிவம்.

கிடங்கு வீடான விதம்

இங்கிலாந்தின் நகரங்களில் காணப்படும் வரிசை வீடுகள் பெரும்பாலும் ஒரே திட்டத்தில், ஒரே அளவில், ஒன்றன் அருகில் ஒன்றாகக் கட்டப்பட்டவை. ஆர்லிங்டன் ரோ அப்படிப்பட்டதன்று. முதலில் இருந்தது ஒரே நீண்ட கட்டடம். 17ஆம் நூற்றாண்டில் அதன் உள்ளே குறுக்குச் சுவர்களை எழுப்பி, இடைத்தளம் போட்டு, ஒவ்வொரு பகுதியையும் ஒரு வீடாக்கினர். இந்த மாற்றத்தின் தடயங்களே வெளித்தோற்றத்தை உருவாக்கின.

முதல் தடயம் புகைபோக்கிகள். கூரை முகட்டுக்கு மேலே எழும் கல் புகைபோக்கி ஒவ்வொன்றும் கீழே ஒரு கணப்பு இருப்பதைச் சொல்கிறது. கணப்பு இருந்தால் ஒரு குடும்பம் இருந்தது என்று பொருள். கம்பளிக் கிடங்கில் நெருப்பு வைக்க யாரும் துணியமாட்டார்கள். எனவே புகைபோக்கிகள் எல்லாம் கிடங்கு வீடான காலத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தவை என்று கொள்ளலாம்.

அடுத்தது வாசல்களும் சன்னல்களும். அவை ஒரே மட்டத்தில் இல்லை. ஒரே இடைவெளியிலும் இல்லை. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த பழைய சுவரில், எந்த இடத்தில் கல்லைப் பெயர்த்தால் சுவர் தாங்குமோ, உள்ளே தடுத்த அறைக்கு எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே திறப்புகள் விடப்பட்டன. திறப்புகளுக்கு மேல் மரத்தாலான நிலைவிட்டங்கள் சுவரின் பாரத்தைத் தாங்குகின்றன. சன்னல்கள் சிறியவை, சிறு கண்ணாடித் துண்டுகள் கோத்த கதவுகள் கொண்டவை. கதவுகள் தாழ்வானவை. உயரமானவர் குனிந்துதான் நுழைய வேண்டும்.

மூன்றாவது, கூரையைக் கிழித்துக்கொண்டு எழும் முக்கோண முகப்புகள். ஆர்லிங்டன் ரோவை ஒருமுறை பார்த்தவர் மறக்காமல் இருப்பதற்கு இவையே காரணம். கிடங்கின் செங்குத்தான கூரைக்கு அடியில் வீணாகக் கிடந்த உயரத்தை மேல்மாடி அறையாக்கினால், சுவரை உயர்த்தாமலே இன்னொரு தளம் கிடைத்துவிடும். ஆனால் அந்த அறைக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும். அதற்காகக் கூரையில் ஆங்காங்கே சிறு முக்கோண முகப்புகளை எழுப்பி, அவற்றில் சன்னல் வைத்தனர். ஒன்று அகலமானது, அடுத்தது குறுகியது; ஒன்று சுவரோடு சேர்ந்து எழுகிறது, மற்றொன்று கூரையின் நடுவில் முளைக்கிறது. பார்ப்பவருக்கு இது தாளம் தவறிய இசையைப் போல இன்பம் தருகிறது. செய்தவரின் நோக்கமோ அடுத்த அறைக்கு ஒரு சன்னல் என்பதற்கு மேல் இல்லை.

'காட்டேஜ்' என்ற சொல் இன்று விடுமுறை விடுதிகளுக்கு வைக்கப்படும் இனிய பெயராகிவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் அது நிலமற்ற அல்லது சிறிதளவே நிலம் கொண்ட ஏழையின் குடில். 1589இல் இங்கிலாந்தில் நிறைவேறிய ஒரு சட்டம், புதிதாகக் கட்டும் ஒவ்வொரு குடிலுடனும் குறைந்தது 4 ஏக்கர் நிலம் சேர்ந்திருக்க வேண்டும் என்று விதித்தது. நிலமற்ற ஏழைகள் பெருகி ஊருக்குப் பாரமாவார்கள் என்ற அச்சமே அச்சட்டத்தின் பின்னணி. எல்லா இடங்களிலும் கண்டிப்பாகப் பின்பற்றப்படாவிட்டாலும், 1775 வரை அது நீக்கப்படவில்லை. ஏழையின் வீடு எவ்வளவு ஐயத்தோடு பார்க்கப்பட்டது என்பதற்கு இது போதிய சான்று.

சுவர்

இந்த வரிசையின் சுவர்கள் கோட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக்கே உரிய சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. ஏறத்தாழ 16 முதல் 17 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் படிந்த கல் இது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மீன்சினை போலச் சின்னஞ்சிறு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். வெட்டியெடுத்த புதிதில் மென்மையாகவும், காற்றுப்பட்டு ஈரம் உலர உலரக் கெட்டியாகவும் ஆகும் இயல்பு கொண்டது. கொத்தனுக்கு இதைவிட வாய்ப்பான கல் அமைவது அரிது. இக்கல்லின் நிறத்தைத் 'தேன் நிறம்' என்று சொல்வது வழக்கம். கல்லில் கலந்துள்ள இரும்பே அந்த நிறத்தைத் தருகிறது. உண்மையில் தேன் நிறம் மேட்டுநிலத்தின் வடபகுதிக்கே பொருந்தும். பைபரிப் பக்கத்துக் கல் வெளிறிய பாலாடை நிறம் கொண்டது; மழையும் பாசியும் பட்டுக் காலப்போக்கில் சாம்பல் ஏறும்.

செதுக்கி மட்டம் செய்த கற்களை வைத்துக் கட்டுவது செலவு மிகுந்தது. தேவாலயங்களுக்கும் செல்வர் மாளிகைகளுக்கும் அது ஏற்றது. இங்கே இருப்பதோ கிடைத்த வடிவிலேயே அடுக்கிய கரட்டுக்கல் கட்டுமானம். இத்தகைய சுவர்கள் பொதுவாக அரை மீட்டருக்கு மேல் தடிமன் கொண்டவை. கற்களைப் பிணைப்பது சுண்ணாம்புச் சாந்து.

இந்தச் சாந்தைப் பற்றி ஒரு சொல். சுண்ணாம்புச் சாந்து சிமெண்டைவிட மென்மையானது, ஈரத்தை உள்வாங்கி வெளியிடக் கூடியது. மழையில் நனைந்த சுவர் அதன் வழியாகவே உலர்கிறது. 20ஆம் நூற்றாண்டில் பழைய கட்டடங்கள் பலவற்றைச் 'சீர்செய்தவர்கள்' இடுக்குகளில் சிமெண்டைப் பூசினர். அதன்பின் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள் தங்கி, பனிக்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லின் முகத்தையே உதிர்த்தது. பழைய கட்டடங்களைப் பேணுவோர் மீண்டும் சுண்ணாம்புக்கே திரும்பியதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று.

கூரை

ஆர்லிங்டன் ரோவின் உண்மையான பெருமை அதன் கூரையில் இருக்கிறது. சுவர் கல்லாலானது என்பது எவருக்கும் தெரியும். கூரையும் கல்லால் ஆனது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மெல்லிய ஏடுகளாகப் பிளக்கக்கூடிய ஒருவகைச் சுண்ணாம்புக்கல்லை ஓடுகளாக்கி வேய்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கல் ஓடுகளைச் செய்யும் முறை வியப்பானது. சில குழிகளில் கல் தானாகவே ஏடு ஏடாகக் கிடைத்தது. மற்ற இடங்களில், குறிப்பாக ஆக்ஸ்போர்டுசயரின் ஸ்டோன்ஸ்பீல்டு போன்ற ஊர்களில், பெரிய கற்பாளங்களை இலையுதிர்காலத்தில் வெட்டியெடுத்து, அவற்றின் இயற்கை ஈரம் காயாதபடி காத்து, குளிர்காலம் வரும் வரை வைத்திருப்பர். கடும் உறைபனி விழும் இரவுகளில் கல்லுக்குள் இருக்கும் நீர் உறைந்து விரிய, பாளம் படிவுகளின் வழியே ஏடுகளாக விட்டுக்கொடுக்கும். பிறகு சுத்தியலால் தட்டிப் பிரிப்பர். ஈரம் முன்னதாகக் காய்ந்துவிட்டால் அந்தக் கல் பிளக்காது. பனி சரியாக விழாத ஆண்டில் ஓடும் கிடைக்காது. பிளந்த ஏட்டைச் சீர்செய்து, மேல்முனையில் ஒரு துளையிட்டு, ஓக் மரத்து முளையைச் செருகி, கைமரங்களின் மேல் அடித்த ரீப்பர் சட்டங்களில் மாட்டிவிடுவர்.

பனி பிளந்த கல் ஒரே அளவில் வராது. பெரியதும் சிறியதுமாகவே வரும். கூரை வேய்பவர் இந்தக் குறையைக் கூரையின் ஒழுங்காக மாற்றினார். மிகப் பெரிய ஓடுகள் இறவாணத்தில். மேலே போகப்போக வரிசைகள் சிறுத்து, முகட்டின் அருகே உள்ளங்கையளவு ஓடுகள். கனமான ஓடுகள் சுவருக்கு நேர் மேலே இருப்பதால் பாரம் சுவரில் இறங்குகிறது. மழைநீர் அதிகமாகத் திரளும் கீழ்ப்பகுதியில் இணைப்புகள் குறைவாக இருக்கின்றன. எந்த ஓடும் வீணாவதில்லை. கூரை இயல்பைவிட உயரமாகத் தோன்றுவதும் ஓடுகள் சிறுத்துக்கொண்டே போவதால்தான்.

கல் ஓடுகள் கரடுமுரடானவை. ஒன்றோடொன்று இறுகப் படியாதவை. தண்ணீர் தேங்கினால் இடுக்கு வழியே உள்ளே புகும். ஆகவே கூரை செங்குத்தாக, ஏறத்தாழ 50 பாகை அல்லது அதற்கும் மேலான சரிவில் அமைய வேண்டும். அந்தச் சரிவுதான் மேல்மாடி அறைக்கு இடம் கொடுத்தது. மேல்மாடி அறைதான் முக்கோண முகப்புகளைக் கேட்டது. இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் பள்ளங்களில் ஈயத் தகடு பதிப்பது செல்வர் வீட்டு வழக்கம். கோட்ஸ்வோல்ட்ஸ் கூரைக்காரர்களோ அந்த இடத்திலும் சிறு கல் ஓடுகளையே வளைவாக அடுக்கி நீரை வழியவிட்டனர். அதைச் செய்யத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு. ஒரு வேலைக்குப் பின்னால் எத்தனை காரணங்கள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன என்பதற்கு இந்தக் கூரை நல்ல எடுத்துக்காட்டு. கல் பிளக்கும் விதம் மாறியிருந்தால் வீட்டின் முகமே மாறியிருக்கும்.

நூற்றாண்டுகளாக இந்தப் பாரத்தைச் சுமந்த மரச்சட்டங்கள் ஆங்காங்கே தணிந்துவிட்டன. அதனால்தான் முகட்டுக் கோடு நேராக இல்லாமல் அலைபோலத் தெரிகிறது.

தறியும் ஆறும்

வீட்டு வரிசைக்கு முன்னால் கிடக்கும் ஈரப்புல்வெளிக்கு 'ராக் ஐல்' என்று பெயர். 'ராக்' என்பது துணி காயப்போடும் மரச்சட்டகம். மூன்று பக்கமும் நீர் சூழ்ந்திருப்பதால் 'ஐல்', அதாவது தீவு. இன்று காட்டுப் பூக்களும் நீர்ப்பறவைகளும் வாழும் பசும்பரப்பாகப் படம்பிடிக்கப்படும் இந்த இடம், ஒரு காலத்தில் தொழிற்கூடத்தின் முற்றம்.

கம்பளித் துணி தறியிலிருந்து இறங்கியதும் உடுத்தத் தகுந்ததாக இராது. அது நெகிழ்வாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதை நீரில் நனைத்து, நாள்பட்ட சிறுநீரும் ஒருவகைக் களிமண்ணும் இட்டு, நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மரச் சம்மட்டிகளால் மணிக்கணக்கில் அடிப்பார்கள். பிசுக்கு நீங்கி, இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, துணி சுருங்கித் தடித்து, மழைக்கும் குளிருக்கும் ஈடுகொடுக்கும் ஆடையாகும். அந்தக் களிமண் தமிழ்நாட்டுக் கடைகளில் முகப்பூச்சுக்காக விற்கப்படும் முல்தானி மட்டியின் இனத்தைச் சேர்ந்ததே. ஆர்லிங்டன் ரோவில் நெய்த துணி, அருகிலேயே இருந்த ஆர்லிங்டன் ஆலைக்கு அனுப்பப்பட்டது. 1086இல் தொகுக்கப்பட்ட 'டூம்ஸ்டே' என்னும் நிலக் கணக்கேட்டிலேயே பைபரியில் நீராலைகள் இருந்தது பதிவாகியுள்ளது.

அடித்துச் சுருங்கிய ஈரத்துணியை மீண்டும் உரிய அகலத்துக்கு இழுத்துப் பிடித்து உலர்த்த வேண்டும். அதற்காகவே ராக் ஐலில் மரச்சட்டகங்கள் நிறுத்தப்பட்டன. சட்டகத்தின் விளிம்பில் வளைந்த ஆணிகள் வரிசையாக இருக்கும். துணியின் கரையை அவற்றில் மாட்டி இறுக்குவார்கள். அந்த ஆணிக்கு ஆங்கிலத்தில் 'டென்டர்ஹுக்' என்று பெயர். என்ன ஆகுமோ என்று தவித்துக் காத்திருக்கும் நிலையைக் குறிக்க, அந்த ஆணிகளின் மேல் இருப்பதாகச் சொல்லும் ஆங்கில வழக்கு இங்கிருந்து பிறந்ததே.

நெசவு அக்காலத்தில் குடும்பத் தொழில். கம்பளியைச் சிக்கெடுப்பதும் நூற்பதும் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும் செய்த வேலை. அகலத் துணி நெய்யும் தறியில், 1733இல் ஜான் கே விசையால் ஓடும் நாடாவுக்குக் காப்புரிமை பெறும் வரை, இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராக அமர்ந்து நாடாவைக் கைமாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நூலையும் கூலியையும் தருபவர் துணி வணிகர். உழைப்பும் கூரையடி வெளிச்சமும் நெசவாளருடையவை. பாவும் ஊடையும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எந்த நாட்டு நெசவாளருக்கும் புதியதன்று.

வடக்கே யார்க்சயரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட நெசவாளர் வீடுகளின் மேல்தளத்தில், கல் தண்டுகள் பிரித்த சன்னல்கள் சுவரின் நீளத்துக்கு வரிசையாக இருக்கும். அவை தறிக்கென்றே கட்டப்பட்டவை. ஆர்லிங்டன் ரோவில் அத்தகைய சன்னல் வரிசை இல்லை. மூட்டைகளுக்காக எழுந்த சுவர்களுக்குள் மனிதர்கள் தங்களைப் பொருத்திக்கொண்டார்கள் என்பதை இந்த ஒப்பீடு தெளிவாகக் காட்டுகிறது.

வறுமை காத்த வீடுகள்

தொழிற்புரட்சிக்குப் பின் கம்பளித் தொழில் முதலில் வேகமான நீரோட்டமுள்ள ஸ்ட்ரௌடு பள்ளத்தாக்குகளிலும், பிறகு நிலக்கரி கிடைத்த யார்க்சயரிலும் குவிந்தது. பைபரி போன்ற ஊர்களில் தறிகள் ஓய்ந்தன. மக்கள் பண்ணைக் கூலிகளாயினர். பெரிய இருப்புப்பாதைகளும் ஆலைகளும் இந்த ஊரைத் தேடி வரவில்லை. வசதி இருந்திருந்தால் 19ஆம் நூற்றாண்டில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுச் செங்கல்லும் மெல்லிய சிலேட்டுமாகப் புதிய வீடுகள் எழுப்பியிருப்பார்கள். இங்கிலாந்தின் பல ஊர்களில் அதுதான் நடந்தது. பைபரியில் அதற்குப் பணம் இல்லை. பிற்காலத்தவர் போற்றும் பழைமை அங்கே வாழ்ந்தவர்களின் இல்லாமையால் தப்பியது என்பது கசப்பான உண்மை. ஈரம் கசியும் சுவரும், தாழ்ந்த கூரையும், ஒடுங்கிய அறையும் அவர்களுக்கு ஓவியமாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஓவியமாகப் பார்த்தவர்கள் வெளியிலிருந்து வந்தனர். எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ், கோட்ஸ்வோல்ட்ஸ் விளிம்பிலுள்ள கெல்ம்ஸ்காட்டில் ஒரு பழைய வீட்டை வைத்திருந்தார். பைபரியே இங்கிலாந்தின் மிக அழகிய கிராமம் என்று அவர் கருதியதாகச் சொல்லப்படுவது ஊரின் புகழுக்கு வித்திட்டது. அருகிலுள்ள பர்ஃபோர்டு தேவாலயத்தில் சீரமைப்பு என்ற பெயரில் நடந்த மாற்றங்களைக் கண்டு கொதித்த மாரிஸ், 1877இல் பழைய கட்டடங்களின் பாதுகாப்புக்கான சங்கத்தை நிறுவினார். பழையதைப் புதியதுபோல ஆக்காதீர்கள், உள்ளதைப் பழுதுபார்த்துக் காப்பாற்றுங்கள் என்பதே அதன் கொள்கை. 1893இல் எர்னஸ்ட் கிம்சனும் பார்ன்ஸ்லி சகோதரர்களும் இதே மேட்டுநிலத்தில் குடியேறி, நாட்டுப்புறக் கைவினையைத் தங்கள் கட்டடக்கலையின் அடிப்படையாக்கினர். பெயர் தெரியாத கொத்தர்களின் வேலைக்குக் கற்றறிந்தோர் மாணவர்களாக வந்த காலம் அது.

விற்பனைக்கு வந்த பழைமை

முதல் உலகப் போருக்குப் பிறகு மோட்டார் வண்டிகள் பெருகி, சுற்றிப் பார்ப்போர் கிராமங்களுக்கு வரத் தொடங்கினர். அதே காலத்தில், பழுதடைந்த குடில்கள் வாழத் தகுதியற்றவை என இடிக்கப்படுவதும் அதிகரித்தது. ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் என்னும் கலைச் சங்கம் 1927இல் பழைய குடில்களைக் காக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அன்றைய பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின் அதை ஆதரித்தார். பெரிய மாளிகைகளுக்கும் தேவாலயங்களுக்கும் காவலர்கள் எப்போதும் இருந்தனர். உழைப்பவரின் வீட்டுக்கும் வரலாற்று மதிப்பு உண்டு என்று பொதுவெளியில் வாதிட்டதே இந்த இயக்கத்தின் புதுமை. அந்த முயற்சியில் 1929இல் ஆர்லிங்டன் ரோ வாங்கப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டது. 1949இல் அது நேஷனல் டிரஸ்டிடம் வந்தது.

அமெரிக்க மோட்டார் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டு ஆர்லிங்டன் ரோவையே விலைக்கு வாங்கிப் பெயர்த்துக்கொண்டுபோக விரும்பினார் என்ற கதை பைபரியில் விரும்பிச் சொல்லப்படுகிறது. அவர் பக்கத்து ஊரான செட்வொர்த்தில் இருந்த 17ஆம் நூற்றாண்டுக் கல்வீடு ஒன்றை 1930இல் வாங்கி, கல் கல்லாகப் பிரித்து எண்ணிட்டு, கப்பலில் ஏற்றி, மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்னில் தாம் அமைத்த கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பியது உறுதியான செய்தி. ஸ்னோஸ்ஹில் ஊரிலிருந்து ஒரு கொல்லன் பட்டறையும் அவ்வாறே கடல் கடந்தது. செட்வொர்த் வீடு இன்றும் அங்கே நன்றாகப் பேணப்படுகிறது. கல்லும் மரமும் அதே கல், அதே மரம்தான். அதைச் சுற்றிய குழியும் குன்றும் நீரோட்டமும் மட்டும் உடன் செல்லவில்லை. ஆர்லிங்டன் ரோவைப் பொறுத்தவரை அந்த இழப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். ஆறும் ராக் ஐலும் இல்லாத இடத்தில் அந்த வரிசைக்குப் பொருள் பாதிதான்.

இன்றைய நிலை

பைபரியின் மக்கள்தொகை அறுநூறு பேருக்குச் சற்று மேல். ஆர்லிங்டன் ரோவைப் பார்க்க வருவோருக்குக் கணக்கில்லை. கோடைக்காலத்தில் ஒரே நாளில் ஊரின் மக்கள்தொகையைவிடப் பல மடங்கு ஆட்கள் வந்து போகின்றனர். வரிசை வீடுகளில் வாடகைக்குக் குடியிருப்போர் வாழ்கின்றனர். ஒரு வீட்டை நேஷனல் டிரஸ்ட் விடுமுறைத் தங்கலுக்கு வாடகைக்கு விடுகிறது. சன்னலுக்கு வெளியே யாராவது படம் எடுத்துக்கொண்டே இருக்கும் வாழ்க்கை அங்கு வாழ்வோருடையது.

2017இல் இந்த வரிசைக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்த, உள்ளூர் முதியவர் ஒருவரின் மஞ்சள் நிறச் சிறிய கார் யாரோ ஒருவரால் சேதப்படுத்தப்பட்டது. படத்தைக் கெடுக்கிறது என்று அந்தக் காரின் மேல் ஏற்கெனவே முணுமுணுப்பு இருந்துவந்தது. செய்தி பரவியதும், அந்தக் கார்க்காரருக்கு ஆதரவாக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மஞ்சள் கார்கள் அணிவகுத்துப் பைபரிக்கு வந்தன. ஊரில் குடியிருப்பவர் தம் வீட்டுக்கு அருகே காரை நிறுத்துவதுகூட அழகுக்குக் குற்றமாகிவிடும் நிலையை அவர்கள் ஏற்கவில்லை.

வெளித்தோற்றத்திலோ உட்பகுதியிலோ சிறு மாற்றம் செய்யவும் முதல் நிலைப் பட்டியலிலுள்ள கட்டடத்துக்கு முறையான அனுமதி வேண்டும். கூரை பழுதானால் கல் ஓடுகளே போட வேண்டும். ஸ்டோன்ஸ்பீல்டு போன்ற பழைய குழிகள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மூடப்பட்டதால், வேறு பழைய கட்டடங்களிலிருந்து கழற்றிய ஓடுகளுக்கு விலை ஏறிவிட்டது. கழற்றப்படும் ஓடுகளை அளவுவாரியாகப் பிரித்து, தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிப்பதை மட்டும் எடுத்துவைக்கிறார்கள். மந்தமாக ஒலிக்கும் ஓட்டில் விரிசல் இருக்கும்.